பதினாறு எபிசோடுக்கு ஒரு வார்த்தை

இப்ப மழை பெய்யும் பாருங்க.

வெளியில இல்ல சார், உங்க போன்ல. அந்தப் பொண்ணு ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டு மேல பாக்குதுல்ல, பாத்துட்டாலே மழைதான். அடுத்து ஒருத்தன் குடையோட வருவான். முதல்ல செருப்பைக் காட்டுவாங்க, அப்புறம் பேண்டைக் காட்டுவாங்க, அப்புறம் குடை, கடைசியாத்தான் மூஞ்சி. வந்துட்டானா? நான் சொன்னேன்ல.

தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்தவங்க போனை எட்டிப் பாக்குற ஆளு இல்ல நான். நீங்க மடியில வச்சுக்கிட்டு, காதுலயும் ஒண்ணும் மாட்டாம, கொரியாப் படத்தைத் தமிழ் டப்பிங்ல வேற ஓட விட்டா கண்ணும் காதும் போகத்தானே செய்யும்? ஆரப்பாளையத்துல பஸ் கிளம்புனதுல இருந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றேன். நீங்க எங்க எறங்கணும், தேனியா? அப்ப நிறைய நேரம் இருக்கு. நான் சின்னமனூரு. பேரு பவுன்ராஜ், வாழைக்காய் மண்டி வச்சிருக்கேன்.

நிறுத்த வேணாம், பாருங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. அந்தப் பையன் என்ன வேலை பாக்குறான்? கம்பெனி முதலாளி மகன். சரி, கம்பெனியில என்ன செய்றாங்க? சோப்பா, சைக்கிளா, ஊறுகாயா? கடைசி வரைக்கும் பாத்தாலும் தெரியாது சார். கோட்டை மாட்டிக்கிட்டு லிப்ட்ல ஏறுவான், எறங்குவான். எவனாவது ஒரு பேப்பரை நீட்டுனா கையெழுத்துப் போடுறதுக்குள்ள அவளுக்குக் காய்ச்சல்னு போன் வந்துரும், ஓடிருவான். இந்த மாதிரி ஒருத்தன் என் மண்டியில வேலைக்கு வந்தான்னா வாழைத்தார் அம்புட்டும் பழுத்து அழுகித்தான் போகும்.

அந்தப் பொண்ணு பாவப்பட்ட குடும்பம். வாடகை குடுக்க வழியில்லாம அழும். ஆனா காலையில ஒரு கோட்டு, சாயங்காலம் ஒரு கோட்டு. கால் தடுக்கி விழும். நடக்கத் தெரிஞ்ச ஒரு பொண்ணை அந்த ஊர்ல நான் பாத்ததே இல்ல சார். தடுக்கும், விழும், இவன் பிடிப்பான். பிடிச்சா நிமித்தி விட வேண்டியதுதானே? மாட்டான். அப்படியே சரிஞ்ச வாக்குல வச்சுக்கிட்டு முழிப்பான். அதை முன்னாடி இருந்து காட்டி, பின்னாடி இருந்து காட்டி, மச்சுல இருந்து காட்டி, ஒரு பாட்டையும் போட்டு விடுவாங்க. இடுப்பு பிடிச்சுக்காதா அந்தப் பிள்ளைக்கு?

சீனாக்காரன் படம் இதைவிட மோசம். வெள்ளை வேட்டி மாதிரி எதையோ கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் மரத்துக்கு மரம் பறப்பாங்க. இந்த ஜென்மத்துல பேசி முடிக்கலேன்னு அடுத்த ஜென்மத்துக்குப் போவாங்க. ஜப்பான்காரன் பரவாயில்லைன்னு நினைச்சேன். அவன் ரயில்ல உக்காந்துக்கிட்டு ஜன்னலைப் பாக்குறான். அவளும் ஜன்னலைப் பாக்குறா. படம் முடிஞ்சுபோச்சு. காசு குடுத்து ஜன்னலைப் பாக்குறதுக்கு நான் இந்த பஸ்ல வந்தா போதாதா?

எல்லாத்தையும் பாத்திருக்கேன் சார். பாக்காம ஒருத்தரைத் திட்டுறது தப்பு. பாத்துட்டுத்தான் திட்டுறேன்.

எனக்கு ஆத்திரம் வர்றது எதுலன்னா, அவனுக வாயைத் திறக்க மாட்டானுக. அதுதான். பிடிச்சிருக்குன்னா பிடிச்சிருக்குன்னு சொல்லுடா! பதினாறு எபிசோடு. முதல் எபிசோடுலயே நமக்குத் தெரிஞ்சுபோச்சு, அவ ஆத்தாவுக்குத் தெரிஞ்சுபோச்சு, டீக்கடைக்காரனுக்குத் தெரிஞ்சுபோச்சு. இவன் மட்டும் சொல்ல மாட்டான். அவ ஷூ கயிறைக் கட்டி விடுவான், கறியை எடுத்து அவ சோத்து மேல வைப்பான், பனியில நின்னு மூக்குச் சிவக்க அவ வீட்டு ஜன்னலைப் பாப்பான். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கான்? நான் வாழைக்கன்னு ஊனி, குலை தள்ளி, தார் வெட்டி லாரி ஏத்திருவேன் சார், இவன் இன்னும் 'அது வந்து'ன்னு இழுத்துக்கிட்டு நிப்பான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு நீங்க நினைக்கிறது நியாயம்தான். நானா தேடிப் போகலை. அத்தை மகளால வந்தது. யோகேஸ்வரின்னு பேரு. யோகான்னு கூப்பிடுவோம். எங்கப்பாவோட கூடப்பிறந்த அத்தை, பாண்டியம்மா. திருமங்கலத்துல கட்டிக்குடுத்தாங்க. அதோட மகதான் யோகா. எனக்கு முறைப்பொண்ணு. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குறா, ஹாஸ்டல்ல தங்கியிருக்கா.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க அக்கா மகனுக்குக் காதுகுத்து. அதுக்கு வந்திருந்தா. 'மச்சான், மத்தியானத்துக்கு மேல மண்டியில சும்மாத்தானே இருப்பீங்க, இதைப் பாருங்க'ன்னு என் போனை வாங்கி இந்தப் படம் பாக்குற ஆப்பை அவளே போட்டுக் குடுத்தா. அவ காசு கட்டுற கணக்குதான். அதுலயே என் பேர்ல ஒரு பொம்மையும் போட்டு வச்சா. மீசை வச்ச பொம்மை.

மண்டியில அப்படித்தான் சார். காலையில ஏலம் முடிஞ்சு, லாரி ஏத்தி விட்டாச்சுன்னா, அப்புறம் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். சரி, பிள்ளை சொல்லுதேன்னு பாத்தேன். பாத்துட்டுத் திட்டினேன். சாயங்காலம் ஆபீஸ் வண்டியில ஏறுனதும் போன் பண்ணுவா. 'மச்சான், பாத்தீங்களா?' 'பாத்தேன், கருமம்.' அவ்வளவுதான், நான் ஆரம்பிச்சிருவேன். ஒவ்வொண்ணா எடுத்து நார் நாரா கிழிப்பேன். அவ சிரிப்பா பாருங்க, வண்டியில இருக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க மச்சான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அவளைச் சிரிக்க வைக்கிறதுக்காகவே நான் கவனமாப் பாப்பேன். எங்க திட்டலாம், எங்க திட்டலாம்னு.

தினமும்தான். ஏலத்துல எம்புட்டு அடிச்சுக்கிட்டாலும் அந்த நேரத்துக்கு போனைக் கையில எடுத்துருவேன்.

ஆனா அவ நடுவுல ஏதாவது கேப்பா. ஒரு தடவை அந்தப் பையன் ஆத்தங்கரையில நின்னு ஒரு வழியா சொல்லிட்டான். இவ என்கிட்ட கேக்குறா, 'நீங்களா இருந்தா எப்படிச் சொல்லுவீங்க மச்சான்?' நான் சொன்னேன், 'நான் எதுக்குடி சொல்லணும்? சொல்லித்தான் தெரியணும்னு இருக்கிறவன் சொல்லிக்கிட்டுத் திரியட்டும்.' அந்தப் பக்கம் சத்தமே இல்ல. அந்த வண்டி எங்கேயோ பாலத்துக்கு அடியில போகும்போல, டவர் கிடைக்கிறதில்ல. அடிக்கடி அப்படி ஆகும்.

இன்னொரு தடவை, எவனோ ராத்திரி பூரா கார் ஓட்டிக்கிட்டு வந்து அவளை அஞ்சு நிமிஷம் பாத்துட்டுப் போறான். இவ கேக்குறா, 'கோயம்பேட்டுக்கு லோடு ஏத்திக்கிட்டு வர்றீங்கள்ல, என்னை ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போனா என்ன?' நான் பாக்காமலா போனேன்? அவ ஹாஸ்டல் வாட்ச்மேன்கிட்ட செவ்வாழை ஒரு சீப்பு குடுத்து விட்டுட்டுத்தான் வந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும். இருக்கிறதுலயே நல்ல சீப்பாப் பாத்து, வைக்கோல்ல சுத்தி. லுங்கியோட லாரியில வந்தவன் பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல் வாசல்ல நின்னு பேசிக்கிட்டிருந்தா அவளுக்குத்தானே கேவலம்? பழம் குடுத்தேன்ல. அதைச் சொல்ல மாட்டா.

வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்தா, போன வருஷம். சித்திரை மாசம், திடீர்னு மழை. கூட வந்தவங்க எல்லாம் ராட்டினத்துப் பக்கம் போயிட்டாங்க, நாங்க ரெண்டு பேர்தான். கையில ஒரு குடை. அவ என்னைப் பாத்துச் சிரிக்கிறா. 'என்ன மச்சான், மழை வந்துருச்சு'ங்கிறா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? குடையை அவ கையில குடுத்துட்டு, நனைஞ்சுக்கிட்டே ஓடிப் போய் பைக்கை எடுத்துக்கிட்டு வந்தேன். ஒரு குடைக்குள்ள ரெண்டு பேரும் அரைகுறையா நனையுறதுக்கு ஒருத்தராவது நனையாமப் போகலாம்ல? கொரியாக்காரனுக்கு இந்த அறிவு இருக்கா? பாதிக் குடையைப் பிடிச்சுக்கிட்டு தோளு நனைய நடக்குறான், அதுக்கு ஒரு பாட்டு.

அவ பைக்ல வரும்போது குடையை மடக்கிட்டு நனைஞ்சுக்கிட்டே வந்தா. பிடிக்கச் சொன்னா பிடிக்கலை. அம்புட்டு திமிரு.

இல்ல சார், எங்க ரெண்டு பேருக்கும்தான் கல்யாணம்ங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அவ பொறந்து பாலுக்கு அழும்போதே எங்கப்பா சொன்னது. அத்தை மக, மாமன் மகன். எங்க பக்கத்துல இதைப் போய் யாரும் பேசிக்கிட்டிருக்க மாட்டாங்க. முறைப்பொண்ணுகிட்ட போய் உன்னைப் பிடிச்சிருக்குன்னு எவனாவது சொல்லுவானா? சொந்த வீட்டுக்குள்ள போறதுக்குக் கதவைத் தட்டுற மாதிரி இருக்கும். மண்டியில அவளை எங்க வீட்டு மருமகள்னுதான் சொல்லுவாங்க. அவ போன் வந்தா 'பவுனு, வீட்டுல இருந்து போனு'ன்னு கத்துவானுக.

நான் வீட்டுக்கு மேல ஒரு ரூம் எடுத்துக் கட்டினேன் சார். கீழ இருந்தது எனக்கும் எங்கம்மாவுக்கும் போதும். அவ ஏசியிலயே வேலை பாக்குற பிள்ளை, நம்ம ஊரு வெயிலு தாங்காதுன்னு ஏசி மாட்டினேன். வீட்டுல இருந்தே வேலை பாக்கலாம்னு இப்ப சொல்றாங்கள்ல, அதுக்கு ஜன்னலோரமா மேசை போட்டேன். ஆசாரிகிட்ட சொல்லி, அவ உசரத்துக்கு. அவ எம்புட்டு உசரம்னு எனக்குத் தெரியும். கொத்தனாருக்குச் சொன்னேன், ஆசாரிக்குச் சொன்னேன், கரண்டு வேலை பாத்தவனுக்குச் சொன்னேன். யாருக்காகன்னு அம்புட்டுப் பேருக்கும் தெரியும். இதுக்கு மேல என்ன செய்யணும் ஒரு மனுசன்? பனியில நிக்கணுமா? எங்க ஊர்ல பனிக்கு நான் எங்க போக?

இப்படி இருக்கும்போது தை மாசம் அத்தை போன் பண்ணுது. ஒரே அழுகை. 'ஐயா பவுனு, இவ எவனையோ பிடிச்சிருக்குங்கிறாய்யா'ங்குது. நிர்மல்னு பேராம். திருச்சிக்காரன். அவ கூட வேலை பாக்குறவன். நம்ம ஆளுகதான், ஆனா சொந்தம் இல்ல, பந்தம் இல்ல. அத்தை புருஷன், எங்க மாமா, ரெண்டு நாளு சோறு திங்காம நடுவீட்டுல படுத்துக்கிட்டாரு. எங்கம்மா மண்ணை வாரித் தூத்துச்சு. சொந்தக்காரங்க எல்லாம் வந்து ரூமைச் சுத்திப் பாத்துட்டு, ஏசியைப் பாத்துட்டு, உச்சுக் கொட்டிட்டுப் போனாங்க. துட்டி கேக்க எழவு வீட்டுக்கு வந்த மாதிரி.

எங்க வகையறாவுல ஒரு வழக்கம் இருக்கு சார். விட்டுக் குடுக்கிற வெத்தலைன்னு சொல்லுவாங்க. முறைப்பொண்ணை வெளியில கட்டிக் குடுக்கணும்னா, தாலிக்கு முன்னாடி முறைக்காரனை மணவறைக்கு முன்னாடி நிறுத்தி, வகையறாவுல பெரியவர் தட்டோட வந்து கேப்பாரு, 'பொண்ணு உனக்கு வேணுமா?'ன்னு. மூணு தடவை கேக்கணும். மூணு தடவையும் சத்தமா வேணாம்னு சொல்லிட்டு வெத்தலையை எடுத்துக்கணும். அப்புறம் மாப்பிள்ளை ஒரு வேட்டி குடுப்பான். மடியில இருக்கே, இதுதான் அது. இப்பல்லாம் பேருக்குத்தான். சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் பந்திக்குப் போயிருவாங்க. ஆனா இங்க கதை வேற. எங்க மாமா அரை மனசாத்தான் சரின்னு சொல்லியிருந்தாரு. என்கிட்டயே போன்ல சொன்னாரு, 'நீ மட்டும் சபையில வேணும்னு ஒத்த வார்த்தை சொல்லு மாப்ள, தாலியை நான் அவன் கையில இருந்து வாங்கிடுறேன்.' அம்மா தினம் காலையில காப்பியோட இதைத்தான் சொல்லும். ஒத்த வார்த்தைடா, ஒத்த வார்த்தைடான்னு.

இது அவ காதுக்குப் போயிருச்சு. கிளம்பி வந்துட்டா, தனியா. நாலு நாளைக்கு முன்னாடி. மண்டிக்கே வந்துட்டா சார், கல்யாணப் பத்திரிகை வச்ச வெத்தலைத் தட்டைக் கையில வச்சுக்கிட்டு, தார்க்குவியலுக்கு நடுவுல நிக்கிறா. லோடு ஏத்துறவனுக எல்லாம் கழட்டிப் போட்ட துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு நழுவிட்டானுக.

'சபையில நீங்க வேணும்னு சொல்லப் போறீங்களாமே மச்சான்?'

'சொன்னா என்ன தப்பு? எனக்கு உரிமை இருக்குல்ல?'

'இம்புட்டு நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?'

'என்னத்தைச் சொல்ல? ஊருக்கே தெரியும்ல?'

'ஊருக்குத் தெரியும். ஊரா மச்சான் உங்களைக் கட்டிக்கப்போகுது?'

பாத்தீங்களா? இதெல்லாம் எங்க இருந்து வருது? எல்லாம் அந்த வசனம்தான். பாத்துப் பாத்து மண்டைக்குள்ள ஏறிப்போச்சு. நான் அதை அவகிட்டயே சொன்னேன். 'உன் கொரியாப் படத்தை என்கிட்ட ஓட்டாத'ன்னேன். அவ அழுதுட்டா. 'படம் பாக்கவா மச்சான் உங்களுக்குப் போட்டுக் குடுத்தேன்'னா. அப்புறம் எதுக்குப் போட்டுக் குடுத்தா? படம் பாக்கத்தானே போட்டுக் குடுப்பாங்க? கேட்டா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு தட்டுல இருக்கிற பாக்கை உருட்டிக்கிட்டு நிக்கிறா.

சரி, அந்த நிர்மலு என்னதான் செஞ்சான்னு தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். நியாயமான கேள்விதானே? இம்புட்டு படம் பாத்தவளை ஒருத்தன் மடக்கியிருக்கான்னா பெருசா ஏதாவது செஞ்சிருப்பான்ல? ஏரோப்பிளேனை நிறுத்தினானா, பட்டாசு விட்டானா, முட்டி போட்டானா? 'ஒண்ணும் செய்யலை'ங்கிறா. ஆபீஸ் கேண்டீன்ல தட்டை வச்சுக்கிட்டு வரிசையில நிக்கும்போது, 'எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, உங்களுக்கு எப்படின்னு தெரியலை, யோசிச்சுச் சொல்லுங்க'ன்னு சொன்னானாம். அவ்வளவுதான். சாம்பார் சாதத்துக்கு முன்னாடி! மழையும் இல்ல, குடையும் இல்ல. நான் தலையில அடிச்சுக்கிட்டேன் சார். இதுக்கா? இந்த ஒரு வரிக்கா? இதை ஒரு எபிசோடுல வச்சா எவனாவது பாப்பானா?

'ஆமா மச்சான், இதுக்குத்தான்'னுட்டு கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

தட்டை அங்கயே மேசையில வச்சுட்டுப் போயிட்டா. போகும்போது, 'உங்க இஷ்டம், என்னை அசிங்கப்படுத்தணும்னா படுத்துங்க'ன்னுட்டுப் போனா. நான் அவளை அசிங்கப்படுத்துவேனா? இத்தனை வருஷம் பழகி என்னைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டது இம்புட்டுத்தான்.

இன்னைக்குக் காலையில மதுரையில கல்யாணம். அங்க இருந்துதான் வர்றேன்.

இந்தக் கல்யாணத்தை நிறுத்துற சீன் இருக்கு பாத்திருக்கீங்களா, கதவைத் திறந்துக்கிட்டு ஒருத்தன் மூச்சு வாங்க ஓடி வருவான். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. பொண்ணு பூச்செண்டைக் கீழ போட்டுட்டு இவன் பின்னாடி ஓடும். அங்க சமையல் பண்ணி வச்சவன் கதி என்ன, மண்டபத்துக்காரன் கதி என்னன்னு ஒரு பயலும் யோசிக்க மாட்டான். நான் ஓடியெல்லாம் போகலை. நேரத்துக்குப் போய், மொய் எழுதிட்டு, முன் வரிசையில உக்காந்தேன். கூப்பிட்டாங்க, போய் நின்னேன்.

வேலுச்சாமி பெரியப்பாதான் வகையறாவுக்குப் பெரியவர். தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து, மைக்கை வேற வாயில வச்சுக்கிட்டுக் கேக்குறாரு. 'ஏப்பா முறைக்காரா, பொண்ணு உனக்கு வேணுமா?'

எனக்குச் சத்தம் வரலை சார்.

வேணாம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாச் சொல்றேன். வந்தது காத்துதான். பின்னாடி எவனோ 'மாப்ள யோசிக்கிறான்யா'ன்னு சிரிச்சான். எங்கம்மா எந்திரிச்சு நின்னுருச்சு. மாமா மணவறைக்குப் பக்கத்துல வந்து என் வாயையே பாக்குறாரு. அந்தப் பையன் நிர்மலு, மாலைக்குள்ள வேர்த்து ஒழுகுது அவனுக்கு. நான் யோகாவைப் பாத்தேன்.

பயந்துபோய் உக்காந்திருக்கா சார். என்னைப் பாத்து. சின்னதுல எங்க தோப்புல தேளைப் பாத்துட்டு என் முதுகுக்குப் பின்னாடி வந்து ஒளிஞ்சவ. மாடு முட்ட வந்தா என் கையைப் பிடிக்கிறவ. அவ கண்ணுல என்னைப் பாத்து அப்படி ஒரு பயம்.

வேணாம்னேன். பெரியப்பா ரெண்டாவது தடவை கேட்டாரு, வேணாம்னேன். மூணாவது தடவை அவர் கேட்டு முடிக்கிறதுக்குள்ளயே வேணாம்னேன், மைக்ல எதிரொலி கேட்டுச்சு. வெத்தலையை எடுத்தேன். அந்தப் பையன் வேட்டியைக் குடுத்துட்டு கொரியாக்காரன் மாதிரி இடுப்பு வளையக் குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டான். 'ரொம்ப தேங்க்ஸ்ங்க'ங்கிறான். நான் என்ன அவனுக்குப் பேனாவா இரவல் குடுத்தேன், தேங்க்ஸ் சொல்ல? அம்மா சாப்பிடாமக்கூட அப்பவே ஆட்டோ பிடிச்சுப் போயிருச்சு. நான் சாப்பிட்டேன் சார். நல்லாச் சாப்பிட்டேன். பாயசம் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அழுதுக்கிட்டே ரோட்டுல ஓடுறதுக்கு நான் என்ன அந்தக் கிறுக்கனுக மாதிரியா? யோகா மேடையில இருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தா. பாக்கட்டும்னு அப்பளத்தையும் நொறுக்கித் தின்னேன்.

இப்ப சொல்லுங்க. நான் செஞ்சது சரியா தப்பா? சபையில ஒருத்தர் மானத்தைக் காப்பாத்திட்டு வந்திருக்கேன். இதை வச்சு ஒருத்தன் படம் எடுப்பானா? எடுக்க மாட்டான். இதுல கட்டிப்பிடிக்கிறது இல்லல்ல.

என்ன சார்? பஸ் சத்தத்துல சரியா விழலை.

சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னா கேக்குறீங்க?

நல்லாக் கேட்டீங்க. இந்தக் கண்றாவியைப் பாத்துப் பாத்து உங்களுக்கும் புத்தி அந்தப் பக்கமே போகுது. மணவறைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு வேணும்னு சொன்னா அசிங்கம்தான் ஆயிருக்கும், வேற என்ன ஆகும்? ஓ, இன்னைக்கு இல்லையா? முன்னாடியேவா? அந்த நிர்மலு கேண்டீன்ல நின்னு கேக்குறதுக்கு முன்னாடியா?

அது எப்படி சார் எனக்குத் தெரியும்? அவ சரின்னு சொல்லியிருப்பாளா, போங்க மச்சான்னு சிரிச்சிருப்பாளா, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருப்பாளா, இதெல்லாம் நான் எப்படிச் சொல்ல முடியும்? அவ மனசுக்குள்ள நானா பூந்து பாத்தேன்? அவகிட்ட கேட்டாத்தானே சார் தெரியும்.

கேட்டாத்தானே...

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளி விடுங்க சார். காத்தே வரலை.